ஒரே வீட்டில் வசிப்பதற்கான சான்று

“உன்னைக் குடித்தனக்காரர்னு எழுதச் சொல்லு. மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கார்னு...”

“குடித்தனக்காரனுக்கு இந்த நாட்ல தங்க உரிமை கெடையாதுன்னு அந்த வக்கீலம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டா, நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த...”

“கத்தாத. ஜன்னல் தொறந்திருக்கு.”

“நான் கத்தல. என் குரலே இதுதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்.”

“பஸ் ஓட்டுறவனுக்குக் கத்த என்ன வேலை? நீ என்ன கண்டக்டரா?”

ஆனலீஸ் எழுந்து போய் அடுக்களை ஜன்னலைச் சாத்தினாள். சாத்தி என்ன ஆகப்போகிறது? எதிர்வீட்டு விசென்தா பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் சாத்திய பிறகும் தெளிவாகக் கேட்டது. இங்கே கேட்டால் அங்கேயும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை.

“எலோய் இப்ப வந்துடுவான்,” என்றார் டெஸ்மண்ட், குரலை இறக்கி. “அவன் கேக்கப்போறது மூணே கேள்வி. நான் இந்த வீட்ல இருக்கேனா, எப்பலேர்ந்து இருக்கேன், உனக்கு நான் என்ன வேணும். இதுக்கு நேரா ஒரு பதில் சொல்ல உன்னால முடியல.”

“முடியலைன்னு இல்ல. ஊர்ல சொல்ல வேண்டாம்னு பாக்குறேன்.”

“ஊர்ல சொல்லாம எங்க சொல்றது? சான்று குடுக்குறதே ஊர்தானே.”

அதுதான் சிக்கல். வாலென்சியா பக்கத்துச் சிற்றூரான பெனிமார்ச்சில் எந்தச் சான்றும் அக்கம்பக்கத்தார் வாய் வழியாகத்தான் வரும். நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் ஊர்ப் போலீஸ்காரன் எலோய் தெருவுக்கு வந்து நாலு வீட்டில் விசாரிப்பான், பிறகு வீட்டைப் பார்ப்பான், எழுதிக்கொண்டு போவான். முத்திரை விழும். அந்த முத்திரை விழுந்த தாளைக் கொண்டுபோனால் குடியேற்ற அலுவலகத்தில் டெஸ்மண்டுக்கு ஓர் அட்டை கிடைக்கும். ஐரோப்பிய நாடு ஒன்றின் பிரஜையான டென்மார்க்காரி ஆனலீஸின் துணைவர், பல வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருப்பவர் என்று. அட்டை கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அவர் விமானம் ஏறியாக வேண்டும். ஏறினால் மூன்று மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. திரும்பி வந்தாலும் மூன்று மாதம்தான், மறுபடி மூட்டை கட்ட வேண்டும். அவர் இதயம் ஏற்கெனவே ஒருமுறை அடைத்துத் திறந்தது. சொந்த ஊரான லீட்ஸில் அவருக்கென்று இருந்த ஒரே கதவு அக்கா வீட்டுக் கதவு. அக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கதவின் சாவி இப்போது யாரிடமோ.

எல்லாம் அவர் தன் தலையில் தானே வாரிப் போட்டுக்கொண்ட மண். ஆனலீஸும் அவள் கணவன் ஸ்வெனும் இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே வரிசையில் நின்று ஊர்ப் பதிவேட்டில் பேரெழுதி, இங்கே வசிப்பதற்கான பச்சைத் தாள் சான்றிதழையும் வாங்கிவிட்டார்கள். டென்மார்க்காரர்களுக்கு வரிசையென்றால் ஒரு பிரியம். டெஸ்மண்ட் மட்டும், “நான் இங்க குடியேறல. குளிருக்குப் பயந்து வந்திருக்கேன், அவ்வளவுதான்,” என்பார். ஜூலை மாத வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டும் அதையே சொல்வார். பதிந்துவிட்டால் தான் ஓர் அந்நியன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். அவர் நாடு ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தபோது இங்கிருந்த இங்கிலீஷ்காரர்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் பேர் பதிந்தார்கள். இவரும் ஒரு நாள் போனார். கூட்டமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். போன மாதம் விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய பெண், இனி இப்படி வரமுடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லி முத்திரை குத்தினாள்.

“ஸ்வெனோட பொண்டாட்டின்னுதான் இந்த ஊருக்கு என்னைத் தெரியும்,” என்றாள் ஆனலீஸ். “அவன் சவப்பெட்டிக்கு முன்னால ஊர் பேண்டு மொத்தமும் வாசிச்சுக்கிட்டுப் போச்சு. அவன் ஊதுற டிராம்போனை நாற்காலி மேல வச்சு, அந்த இடத்தை அந்த வருஷம் பூரா காலியா விட்டிருந்தாங்க. விசென்தா ஞாயிறு தவறாம ஓவன்ல வேகவச்ச சோறு கொண்டாந்து குடுத்தா. எனக்கா குடுத்தா? அவன் விதவைக்குக் குடுத்தா.”

“ஸ்வென் என் சிநேகிதன் ஆனலீஸ். நான் என்ன, திருடிட்டா வந்தேன்?”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லல. ஆனா திருடன் மாதிரிதான் என்னை அனுப்புற, தினமும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால் கூடுதலாகச் சுருக்கென்றது. பதினொரு வருஷமாக ஏற்பாடு இதுதான், அவள் போட்ட ஏற்பாடு. வெளிச்சம் வருவதற்கு முன் டெஸ்மண்ட் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, ஆரஞ்சுத் தோட்டச் சுவரை ஒட்டிய சந்து வழியாக இறங்கி, கீழத்தெருவில் தான் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். போய், ஜன்னல் ஷட்டரைத் தெருவுக்கே கேட்கும்படி கடகடவென்று மேலே இழுக்க வேண்டும். இங்கேதான் தூங்கி எழுந்தேன் என்று ஊருக்கு அறிவிப்பு. பிறகு குளித்து, சட்டை மாற்றி, வெயில் ஏறியதும் தெரு வழியாக ஏறி வந்து முன்கதவைத் தட்டி, “காபி கெடைக்குமா?” என்று கேட்க வேண்டும். அவர் சட்டைகள், சவரக் கத்தி, மாத்திரைகள் எல்லாம் கீழ் வீட்டில். பல் துலக்கும் பிரஷ் மட்டும் சட்டைப் பையில் அவரோடு வரும், அவரோடு போகும்.

“நான் விசென்தாவப் பாத்துட்டு வரேன்,” என்றாள்.

“எதுக்கு?”

“எலோய் கேட்டா குடித்தனக்காரர்னு சொல்லச் சொல்லி.”

“பொய் சொல்லச் சொல்லியா?”

“சின்னப் பொய்தானே.”

“அந்தச் சின்னப் பொய்யில நான் ஊரை விட்டுப் போயிடுவேன், ஆனலீஸ்.”

இதை அவர் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து, நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, பதில் சொல்லாமல் தெருவைக் கடந்தாள்.

விசென்தா வீட்டு வாசலில் தொங்கும் பாசிமணித் திரைக்கு இந்தப் பக்கம் வந்ததுமே கால் நின்றுவிட்டது. உள்ளே எலோய் குரல். முந்திக்கொண்டு வந்துவிட்டான். வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசினான்.

“பெரியம்மா, சும்மா ஒரு வார்த்தை சொல்லு, எழுதிக்கிறேன். அந்த இங்கிலீஷ்காரர் எங்க குடியிருக்காரு?”

“ஆனலீஸ் வீட்ல.”

“கீழத்தெருவுல அவர் பேர்ல வாடகை வீடு ஒண்ணு இருக்கே.”

“இருக்கு. அதுல அவரோட ஷட்டர் குடியிருக்கு. காலையில எந்திரிக்கும், ராத்திரி படுத்துக்கும். அவர் இங்க இருக்காரு.”

“ஷட்டர்னு எழுதவா?”

“எழுது. நீ போலீஸ்காரன், உண்மையத்தான் எழுதணும். இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கோ, சாக்லேட்டைக் குடி, ஆறிடுது.” கொஞ்சம் நிறுத்தி, குரலை மாற்றாமலே சொன்னாள்: “உள்ள வாடி மகளே, வெளியே உன் செருப்பு தெரியுது.”

திரையை விலக்கிக்கொண்டு ஆனலீஸ் உள்ளே போனாள். எலோய் பாதி எழுந்தான். அவன் தொப்பி மேசைமேல் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் கழுத்து வரை சிவந்துவிட்டதை உணர்ந்தாள். குளிர்நாட்டுத் தோல் எதையும் மறைக்காது.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள்.

“பெருமழை வந்து பாலத்தை அடிச்சிட்டுப் போச்சே, அந்த வருஷம்,” என்றாள் விசென்தா.

“அந்த வருஷம் எப்ப?”

“மழைக்கு மறுநாள்.”

ஆனலீஸ் எலோயைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அப்ப வாலென்சியாவுல டிரெய்னிங்ல இருந்தேம்மா,” என்றான், ஏதோ தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்பதுபோல. “எங்க அம்மா போன்ல சொன்னாங்க.”

“ஊருக்கே தெரியுமா?”

“பாதிரியாருக்குத் தெரியுமான்னு தெரியாது,” என்றாள் விசென்தா. “மத்தவங்களுக்குத் தெரியும்.”

“யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“எதுக்குச் சொல்லணும்? நீ மறைக்கணும்னு நெனச்ச. சரி, மறைச்சுட்டுப் போகட்டும்னு விட்டோம்.” விசென்தா மேசைமேல் சிந்திய துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டினாள். “இத்தனை வருஷத்துல அந்தச் சந்துல காலையில யாரையாவது ஒருத்தரை உன் ஆளு பாத்திருக்காரா, கேட்டுப் பாரு. தோட்டத்து ரஃபேல் முன்னெல்லாம் இருட்டோட தண்ணி பாய்ச்சுவான். இப்ப வெயில் வந்தப்புறம்தான் மடையைத் தொறக்குறான். பேக்கரிக்காரி சர்ச் வழியாச் சுத்திக்கிட்டுப் போறா, முட்டிவலியோட. நான் என் நாயை ராத்திரியே உள்ள கட்டிடுறேன். கொலைச்சா அந்த மனுஷன் பதறிடுவாரு பாவம், நெஞ்சு வேற சரியில்லாதவரு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகத்தான் இத்தனை காலமும் ஆனலீஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். தெருவே பின்னாலிருந்து சோறு போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வரும்போல இருந்தது. எலோய் எதிரில் இருந்ததால் இரண்டையும் விழுங்கினாள்.

“ஸ்வென்...” என்று ஆரம்பித்தாள்.

“ஸ்வெனுக்கு என்ன? நல்ல மனுஷன். வருஷா வருஷம் நீயும் நானும் வாளி தூக்கிட்டுப் போயி அவன் கல்லறைக் கல்லைக் கழுவிட்டு வரோம். யாரு அதை வேணாம்னு சொன்னா? இவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வா, வாளியாவது தூக்கட்டும். இருபது வருஷமா ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேக்குறதைத் தவிர இந்த ஊர்ல வேற ஒரு வேலையும் செய்யல. அதுவும் நான் பதில் சொன்னா புரியறதில்ல.”

“நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா?” என்றான் எலோய்.

ஆனலீஸ் யோசித்தாள். “கொஞ்சம் சர்க்கரை வாங்கலாம்னு வந்தேன்.”

விசென்தா மறுபேச்சில்லாமல் எழுந்து ஒரு கோப்பை நிறையச் சர்க்கரை எடுத்துக் கொடுத்தாள்.

எலோய் தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். “பெரியம்மா சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும்மா. வீட்டையும் பாத்தேன்னு எழுதணும். முன்ன மாதிரி இல்ல, மேல ஆபீஸ்ல இப்ப ரொம்பக் கெடுபிடி. அவர் இங்கதான் இருக்காருங்கறதுக்கு ஏதாவது ரெண்டு சாமான் பாத்தாப் போதும். துணிமணி, செருப்பு.”

அவள் சர்க்கரைக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

டெஸ்மண்ட் கதவைத் திறந்தார். சட்டைக் காலர் பட்டனைப் போட்டிருந்தார். பஸ் ஓட்டிய காலத்தில் அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது நின்றதுபோல் நேராக நின்றார். “எப்படி இருக்கீங்க?” என்று எலோயிடம் அவன் மொழியில் கேட்டார். எலோய் நன்றாக இருப்பதாகச் சொன்னான். அது டெஸ்மண்டுக்குப் புரிந்தது.

மூவரும் மாடிக்குப் போனார்கள். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கோப்பை, அதில் ஒரே ஒரு பிரஷ். எலோய் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு, ஆனலீஸுடையது. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அலமாரியைக் காட்டினான். ஆனலீஸ் திறந்தாள். அவளுடைய உடைகள் வரிசையாக. கடைசியில் ஓர் ஆண் கோட்டு, கனமான சாம்பல் நிறக் கம்பளி.

எலோயின் முகம் தெளிந்தது. “இது அவரோடதுதானே?”

கோட்டைச் சுட்டிய விரலைப் பார்த்தே டெஸ்மண்டுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. “ஆமா, ஆமா,” என்றார் அந்த மொழியில், ஆனலீஸைப் பார்க்காமல். “என்னோடது.”

ஸ்வென் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். அந்தக் கோட்டை டெஸ்மண்ட் போட்டுக்கொண்டால் பாதிரியார் அங்கிபோலத் தரையைக் கூட்டும். எலோய் கோட்டைப் பார்த்தான், டெஸ்மண்டைப் பார்த்தான். அவனுக்குப் புரியாமலா போகும்? ஆனாலும் பேனா மூடியைத் திறந்தான். எழுதிக்கொள்ளத் தயாராகவே இருந்தான், நல்ல பிள்ளை. அவள் பேசாமல் இருந்தால் போதும், வேலை முடிந்துவிடும்.

“அது ஸ்வெனோடது, எலோய்,” என்றாள் ஆனலீஸ்.

பேனா நின்றது.

“இவரோடது ஒரு கைக்குட்டைகூட இந்த வீட்ல இல்ல. நான்தான் வைக்க விடல. பிரஷ் அவர் சட்டைப் பையில இருக்கு பாரு.”

எலோய் பார்த்தான். டெஸ்மண்ட் கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டார்.

“அவன்கிட்ட என்ன சொன்ன?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“உண்மையச் சொன்னேன்.”

“எந்த உண்மையை?”

“இரு. இன்னும் முடியல.”

எலோய் தொப்பியைக் கழற்றி நெற்றியைச் சொறிந்தான். “நீங்களே இப்படிச் சொன்னா நான் என்னம்மா எழுதட்டும்? சாமான் ஒண்ணும் இல்லைன்னா...”

“வீட்டுக்காரி சொல்றதுக்கு மதிப்பு உண்டா, இல்லையா?”

“உண்டு. கையெழுத்துப் போட்டுச் சொன்னா உண்டு.”

“அப்ப எழுது.” பால்கனிக் கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் யாரோ இருவர் பேசிக்கொண்டு போனார்கள். அவள் குரலை இறக்கவில்லை. “இவர் இந்த வீட்லதான் இருக்காரு. எங்கூட. பாலம் இடிஞ்ச வருஷத்து மழையிலேர்ந்து. ஊர்ல இருக்கிற நாள்ல ஒரு ராத்திரிகூட வேற எங்கயும் தூங்கினதில்ல. நெஞ்சு அடைச்சு ஆஸ்பத்திரியில கெடந்த வாரத்தைத் தவிர. அப்பவும் நான் அங்க நாற்காலியில இருந்தேன்.”

எலோய் சுவரில் தாளை வைத்து எழுதினான். “உங்களுக்கு அவர் என்ன வேணும்? குடித்தனக்காரர், உறவினர், துணைவர், மற்றவை. நாலுதான் இருக்கு.”

“துணைவர்.”

ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தெருவில் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

“இன்னொண்ணும்மா. இது என் பேப்பர்ல இல்ல. ஆனா மேல கூப்பிட்டு விசாரிச்சா கேப்பாங்க, ரெண்டு பேரும் ஒரே பதிலாச் சொல்லணும். சேர்ந்து இருக்கலாம்னு யாரு யாரைக் கேட்டீங்க?”

ஆனலீஸ் டெஸ்மண்டுக்கு மொழிபெயர்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

“யாரும் கேக்கலையே,” என்றார் டெஸ்மண்ட் மெதுவாக. “டாமினோ ஆட வந்திருந்தேன். மழை புடிச்சுக்கிச்சு. சந்து பூரா தண்ணி. மறுநாளும் விடல. அப்புறம் விட்டுது. நான் போகல.”

அவள் அதை எலோய்க்குச் சொன்னாள்.

“மழை கேட்டுச்சுன்னு சொன்னா அங்க எடுபடாதும்மா,” என்றான். “‘இருவர் சம்மதத்தோட’ன்னு சொல்லிடுங்க.”

அவள் கையெழுத்துப் போட்டாள். எலோய் டெஸ்மண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினான். முத்திரைக்கு வெள்ளிக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். எதிர்வீட்டுப் பாசிமணித் திரை சலசலத்து அடங்கியது.

அடுக்களையில் ஆனலீஸ் சர்க்கரைக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டெஸ்மண்ட் நின்றுகொண்டே இருந்தார்.

“அப்ப நான் போகவேண்டியதில்லையா?”

“முத்திரை விழணும். மேல பாக்கணும். அட்டை வரணும்.” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “இல்ல. போகவேண்டியதில்ல.”

அவர் தலையாட்டினார். பல தடவை ஆட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நன்றி, ஆனலீஸ்.”

“நன்றியா? சில்லறை சரியாக் குடுத்த பயணிகிட்டச் சொல்ற மாதிரி சொல்ற.”

“வேற என்ன சொல்லணும்?”

அவள் எதிர் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரும்வரை காத்திருந்தாள்.

“எலோய் போயிட்டான். பேப்பரும் போயிடுச்சு. வெளியில மழையும் இல்ல. அன்னிக்கு நீ கேக்கல. இப்ப கேளு, டெஸ்மண்ட்.”